என்னாலதான்

அன்று காவக்காரர் முன்னால் நின்றவர்கள் இவர்கள்.

நான். ரங்கூனில் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா மிதிக்கிறவன். காவக்காரருக்குப் பூசை வைப்பதும் நான்தான்.

என் தங்கச்சி. மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிறாள்.

அவள் மகன். சந்தை வாசலில் போன் ரிப்பேர் செய்கிறவன். சத்தியம் செய்ய வேண்டியவன் அவன்தான்.

செத்துப்போன பையனின் அம்மா. கிறிஸ்தவர்.

அவருடைய மூத்த மகன். செத்தவனுக்கு அண்ணன்.

அண்ணனோடு வந்த இரண்டு பேர். பர்மாப் பையன்கள். உள்ளே வரவில்லை. கம்பிக் கதவோடு நின்றார்கள். ஒருவன் கையில் போன் இருந்தது.

சயாமா. பர்மாவில் டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தின்கன்ஜூனில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கதை எழுதுகிறவர். இந்த ஏற்பாடே அவர் பேசி முடித்ததுதான்.

பாய். எதிர்ச் சாரியில் மளிகைக் கடை. சூடம் அவர் கடையில் வாங்கியது. கடையைப் பாதி சாத்திவிட்டு வந்திருந்தார்.

அமாஜீ. கோயில் வாசலில் தேங்காயும் வாழைப்பழமும் விற்கிற பர்மாக்காரி. எங்களோடேயே இருந்து தமிழ் பேசக் கற்றவள்.

வேறு யாரும் இல்லை. பகல் நேரம். கரண்ட் இல்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது.

காவக்காரர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

ராணி காலம். ராணி என்றால் விக்டோரியா ராணி. ரங்கூனிலிருந்து மரமும் அரிசியும் கப்பல் ஏறிய காலம். ஆற்றோரம் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் இருந்தார். கூலிக்காரப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்திருந்தார். பக்கத்திலேயே சின்ன ஜெப வீடு. அதற்கு இரவுக் காவல் ஒரு தமிழ் ஆள். கப்பலில் வந்து இறங்கி அதிக காலம் ஆகாதவன். பர்மாவும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது.

ஒரு நாள் விடிந்தபோது பாதிரியார் ஜெப வீட்டுக்குள் மண்டை உடைந்து கிடந்தார். ஒரு பொருளும் களவு போகவில்லை. கதவு பூட்டியபடி இருந்தது. சாவி காவல்காரன் இடுப்பில்.

கோர்ட்டில் அவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "என்னாலதான் ஐயா போனாரு." அதற்கு மேல் கேட்டதற்கெல்லாம் அழுதான். தூக்கில் போட்டார்கள்.

அந்த வருஷமே கூலி லைனில் காலரா. எங்கள் ஆட்கள் அவன் படுத்திருந்த இடத்தில் ஒரு கல் வைத்தார்கள். காலரா நின்றது என்பார்கள். அன்றிலிருந்து அவன் அவர் ஆனார். அமாஜீ தர்வான் நாட் என்பாள், காவல்கார ஆவி என்று. பர்மாக்காரர்களுக்கும் அப்படித்தான். கெட்ட சாவு செத்தவர்கள் நாட் ஆகிவிடுவார்கள். இதில் மட்டும் எங்களுக்கும் அவர்களுக்கும் விளக்கம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

படையல் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு கம்பு, ஒரு லாந்தர், ஒரு சுருட்டு. பால் சேர்க்காத கடுந்தேயிலை ஒரு கிளாஸ். டீ மட்டும் தவறக் கூடாது. அன்றைக்கு அவர் கண் அசந்துவிட்டார். அதனால் பாதிரியார் போனார். இனி அசரக் கூடாது. அதற்காகத்தான் டீ.

தூங்காத சாமி. அதனால் அவர் முன்னால் பொய்ச் சத்தியம் செல்லாது என்று பெயர். களவு, அடிதடி, பெண்டாட்டி மேல் சந்தேகம், எதுவானாலும் இங்கே வருவார்கள். உள்ளங்கையில் சூடம் ஏற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லி மறு கையால் அணைக்க வேண்டும். தமிழில்தான் சொல்ல வேண்டும். அவருக்கு பர்மா தெரியாது.

பாதிரியார் சபை ஆட்களுக்கு வேறு கதை. அவர்களும் தமிழர்கள்தான். அவர்கள் கோயில் சுவரில் பாதிரியாருக்குப் பளிங்குக் கல் பதித்திருக்கிறது. வருஷம் ஒருமுறை ஞாபக ஆராதனை. அன்று நடந்ததைச் சபை முன்னால் வாசிப்பார்கள். அதிலும் அதே வார்த்தை வரும். என்னாலதான் ஐயா போனார் என்று கொலைகாரன் தன் வாயால் ஒப்புக்கொண்டான், என்று வரும்.

எங்கள் உடுக்குப் பாட்டில், என்னாலதான் ஐயா போனாரு, நான் கண்ணசந்த நேரத்துல, என்று வரும்.

வார்த்தை ஒன்றுதான். அவர்கள் காதில் அது ஒப்புதல். எங்கள் காதில் அழுகை.

இதற்காகச் சண்டை எதுவும் வந்ததில்லை. அவர்கள் கல்லுக்கு அவர்கள் பூ வைத்தார்கள். எங்கள் கல்லுக்கு நாங்கள் டீ வைத்தோம்.

சயாமா அந்தச் சபை. வருஷா வருஷம் அந்த வாசிப்பை வாசிக்கிறவரும் அவர்தான். குரல் கணீரென்று இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு இந்தக் கொலையை வைத்து நாவல் எழுத ஆரம்பித்தார். பஸ்ஸில் வந்து இறங்கி என் சைக்காவில் ஏறுவார். ஆற்றைப் பார்க்க வேண்டும், துறையைப் பார்க்க வேண்டும், கல்லைப் பார்க்க வேண்டும் என்பார். பார்த்துவிட்டுப் பாய் கடை முன்னால் முக்காலி போட்டு எழுதியதைப் படித்துக் காட்டுவார். நானும் பாயும் அமாஜீயும் கேட்போம்.

கதையில் ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர். பெரிய மீசை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பான். மரக்கடைத் துரை, பாதிரியாரின் சமையல்காரன், புதிதாக ஞானஸ்நானம் வாங்கிய கூலி ஒருவன்.

"எங்க ஆளு யாரும் இல்லையா சயாமா?" என்று பாய் கேட்டார்.

"இருக்காரு பாய். விளக்கெண்ணெய் விக்கிறவரு."

"கொலைக்கு முந்தி வராரா, பிந்தி வராரா?"

"முந்தி."

"அப்ப எம்மேலயும் சந்தேகம் வருமே. இப்பவே சொல்லிடறேன், அன்னிக்கு நான் பள்ளில தொழுகையில இருந்தேன். எழுதிக்குங்க."

அமாஜீ சிரித்தாள். "இந்த வெயில்ல கோட்டுப் போட்டுக்கிட்டு அலையுதே அந்த மீசை. அதுக்கு வேர்க்கலையா?"

"வேர்க்கும் அமாஜீ. எழுதல."

"எழுதுங்க. வேர்க்காதவன எப்பிடி நம்புறது?"

சயாமா அந்த இடத்திலேயே பேனாவை எடுத்து எழுதினார்.

கதை முடியும் சமயத்தில் ஒரு நாள் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, நீ கோவிச்சுக்கக் கூடாது. என் கதையில கடைசில காவக்காரன்தான்."

"காவக்காரருதான்னா?"

"அவன்தான் கொன்னது. அவன் தம்பி ஞானஸ்நானம் வாங்கிட்டான். பாதிரியாரு குடும்பத்தப் பிரிச்சுட்டாருன்னு ஆத்திரம்."

"அவருக்குத் தம்பி இருந்ததா எங்க பாட்டுல இல்லையே."

"கதைக்கு வெச்சேன்."

"கதைக்குன்னா வேற யாரையாவது கொல்ல வெக்கலாமே."

"வெக்கலாம். அவனே வாயால சொல்லிட்டானே தம்பி. நான் என்ன பண்ணட்டும்?"

நான் வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். பாய்தான் பேசினார்.

"சயாமா, இவரு சாமியத் தூக்குல ஏத்திட்டு இவரு வண்டியிலயே ஏறி உக்காரப் போறீங்க. பாத்து. சேத்துல கவுத்துருவாரு."

கவிழ்க்கவில்லை. பஸ் நிற்கும் இடம் வரை மிதித்தேன். இறங்கும்போது, "நீ நம்பறத நான் கெடுக்க வரல," என்றார். நான் லுங்கியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது.

தங்கச்சி மகனுக்கு ஒரு கூட்டாளி. சயாமா சபைப் பையன். சின்ன வயசிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத் திரிந்தவர்கள். ஒருவன் நெற்றியில் திருநீறு, ஒருவன் கழுத்தில் சிலுவை. அது அவர்களுக்குள் கேலிக்குத்தான் உதவியது. பேச்செல்லாம் பர்மாவில்.

அந்தப் பையன் கொஞ்ச காலமாக வீட்டில் தங்கவில்லை. எங்கே தங்குகிறான், ஏன், என்று யாரும் கேட்கவில்லை. பட்டாளம் ஆட்சியைப் பிடித்த இந்த வருஷங்களில் அப்படிக் கேட்கிற வழக்கம் போய்விட்டது. அவன் போன் உடைந்து தங்கச்சி மகனிடம் கிடந்தது. சரியானதும் இவன் ஆள் மூலம் சொல்லிவிட்டான், டீக்கடைக்கு வந்து வாங்கிக்கொள் என்று. வந்தான். டீ வந்தது. குடிப்பதற்குள் பட்டாளத்து வண்டி வந்தது. இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

தங்கச்சி மகனைச் சாயங்காலமே விட்டுவிட்டார்கள். ஏன் விட்டார்கள் என்று அவனுக்கே தெரியவில்லை. கன்னம் வீங்கியிருந்தது. வேறு காயம் இல்லை. அதுவே கெட்டதாகப் போயிற்று. நன்றாக அடி வாங்கியிருந்தால் ஊர் நம்பியிருக்கும்.

கூட்டாளியை விடவில்லை. பிறகு ஒரு நாள் உடம்பை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அம்மா பெட்டியைத்தான் தடவினார்.

அடக்கம் முடிந்து மறுநாள் தங்கச்சி மகனுடைய படம் போனில் வந்தது. கீழே தலான் என்று சிவப்பில் போட்டிருந்தது. பட்டாளத்துக்குக் காட்டிக்கொடுக்கிறவனுக்கு பர்மாவில் அதுதான் சொல். அந்தச் சொல்லோடு படம் வந்தவர்கள் எங்கள் பக்கத்திலேயே செத்திருக்கிறார்கள். ஒருவர் கடை வாசலில். ஒருவர் சைக்காவில் போகும்போது. அந்த சைக்காவை மிதித்தவன் என் கூட்டாளி. இரத்தம் போகவில்லை என்று சீட்டைக் கழற்றி ஆற்றில் போட்டான்.

தங்கச்சி மகன் கடையைத் திறக்கவில்லை. அறைக்குள்ளேயே இருந்தான். நான் போய்க் கேட்டேன்.

"நீயா?"

"இல்ல மாமா."

அவ்வளவுதான். நம்பினேன். தெரிந்து நம்பவில்லை. தெரிந்துவிட்டால் நம்ப வேண்டிய வேலை இல்லை.

படத்தைப் போட்டது பட்டாளத்தை எதிர்க்கிற பையன்களில் யார் என்று தெரியாது. செத்தவனின் அண்ணன் சொன்னால் எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. அண்ணன் சொல்லத் தயாராக இல்லை. சயாமாதான் அந்த வீட்டுக்கு நடந்தார். இரண்டு மூன்று தடவை போனார். ஒரு நாள் துறைக்கு வந்து என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அம்மாக்காரி ஒரு வழி சொல்றா. உங்க கல்லு முன்னாடி சூடம் அணைக்கட்டும்ங்கறா."

"அவங்க உங்க சபையாச்சே."

"நானும் கேட்டேன். வேதத்து மேல கை வெச்சு எவன் வேணாலும் சொல்லுவான் சயாமா, கர்த்தர் மன்னிப்பாருன்னு தைரியம் இருக்கும், அந்தக் கல்லு மன்னிக்காதுங்கறா."

"உங்க கதைப்படி அது கொலைகாரன் கல்லு."

"இப்ப அந்தப் பேச்சு வேண்டாம் தம்பி."

வேண்டாம்தான். உயிர் தப்ப வேறு வழி இல்லை.

அவனுக்குத் தமிழ் காதுக்கு வரும். வாய்க்குச் சரியாக வராது. பள்ளிக்கூடம், கடை, கூட்டாளி எல்லாம் பர்மா. உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

"கூட்டாளிய நான் காட்டிக் குடுக்கல. சொல்லு."

"பர்மால சொல்லக் கூடாதா மாமா? நல்லா சொல்லுவேன்."

"காவக்காரருக்குத் தெரியாது."

"இத்தன வருஷமா இங்கயேதான உக்காந்திருக்காரு. கத்துக்கலையா?"

தங்கச்சி சிரித்துவிட்டாள். அழுத முகத்தோடு சிரித்தாள். "வாய மூடிக்கிட்டு மாமா சொல்றதச் சொல்லுடா."

வாயை மூடிக்கொண்டு எப்படிச் சொல்வது என்று கேட்டான். அதற்கும் சிரித்தாள். பிறகு ஒழுங்காகச் சொன்னான். பிசகாமல் வரும்வரை சொல்லவைத்தேன்.

அப்படித்தான் அன்று எல்லோரும் வந்து நின்றோம்.

டீ வைத்தேன். சுருட்டைப் பற்றவைத்துக் கல் முன்னால் செருகினேன். அவன் உள்ளங்கையில் வெற்றிலை வைத்து அதன்மேல் சூடத்தை வைத்தேன். தீக்குச்சி நமுத்திருந்தது. பாய் லைட்டரை நீட்டினார். பற்றவைக்கப் போகும்போது செத்தவனின் அம்மா முன்னால் வந்தார்.

"ஒரு நிமிஷம் பூசாரி. நான் ஒண்ணு கேக்கணும்."

கேட்கக் கூடாது என்று வழக்கம் இல்லை. நகர்ந்துகொண்டேன். அவன் முகத்துக்கு நேராக நின்றார். உயரம் குறைவானவர். நிமிர்ந்து பார்த்தார்.

"என் வீட்ல சோறு தின்னவன் நீ. ஈஸ்டருக்கு வருவ. கேக்குல முந்திரியப் பொறுக்குவ. அவன் தட்டுலயும் பொறுக்குவ."

அவன் தலையை ஆட்டினான்.

"எம்மூஞ்சியப் பாத்து சொல்லு. எம்புள்ள யாரால போனான்?"

நான் சொல்லிக்கொடுத்த வாக்கியம் இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. அவனுக்கே தெரிந்தது. வாய் திறந்து மூடியது. தமிழில் தேடினான்.

"என்னாலதான் அத்தே," என்றான். சொல்லிவிட்டு உடைந்து அழுதான்.

டீக்கடைக்குக் கூப்பிட்டது அவன். கூப்பிடாமல் இருந்தால் கூட்டாளி வந்திருக்க மாட்டான். வராமல் இருந்தால் இருந்திருப்பான். அன்றிலிருந்து அவனுக்குள் இருந்தது அது ஒன்றுதான். அதைத்தான் சொன்னான். எனக்குக் கேட்டது அது. தங்கச்சிக்கும் அதுதான் கேட்டது.

கம்பிக் கதவில் நின்ற ஒருவன் பர்மாவில் கேட்டான், என்ன சொல்கிறான் என்று. அண்ணன் திரும்பாமலே பர்மாவில் சொன்னான்.

"நான்தான் செய்தேன் என்கிறான்."

அண்ணன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு இருந்த தமிழ் வீட்டில் அம்மா திட்டுகிற தமிழ். தட்டு யாரால உடைஞ்சுது? என்னாலதான். அந்தத் தமிழ்.

அமாஜீ கத்தினாள். "இல்ல, இல்ல. எங்க பேச்சுல அதுக்கு ரெண்டு சொல்லு இருக்கு. செஞ்சதுக்கு ஒண்ணு, காரணத்துக்கு ஒண்ணு. நீ தப்பான சொல்லப் போட்டுட்ட."

சயாமா அண்ணன் கையைப் பிடித்தார். "டேய், நான் காரணமாயிட்டேன்னு சொல்றான்டா. நான் செஞ்சேன்னு சொல்லல. வரச்சொன்னவன் இவன். அதுக்கு அழறான்."

அம்மா சயாமாவைப் பார்த்தார்.

"சயாமா. சபையில வருஷா வருஷம் நீங்கதான வாசிக்கிறீங்க. இதே சொல்லுதான. இதச் சொன்னவன ஒப்புக்கிட்டான்னுதான வாசிக்கிறீங்க."

சயாமா பிடித்த கையை விட்டார்.

"ஆமா," என்றார். "எனக்குக் குடுத்தத வாசிச்சேன்."

"அப்ப அது தப்பா?"

"தெரியல."

"இது மட்டும் எப்பிடித் தெரியுது?"

சண்டைக்குக் கேட்கவில்லை. மகனைப் புதைத்தவர். யாரால் என்று தெரிந்துகொள்ள வந்தவர். தெரியாமல்தான் கேட்டார். பாய் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

தங்கச்சி மகன் அழுகையை விழுங்கிவிட்டு பர்மாவில் பேச ஆரம்பித்தான். அண்ணனிடம் பேசினான். போன், ஆள் அனுப்பியது, டீ, வண்டி, வண்டிக்குள் நடந்தது. பர்மாவில் அவனுக்கு ஒரு சொல்லும் தட்டவில்லை. வண்டிக்குள் கூட்டாளி தன் காலால் இவன் காலை மிதித்து, பேசாதே என்று காட்டியதைச் சொன்னான். அண்ணன் அதைக் கேட்டதும் கல்மேல் கை ஊன்றிக்கொண்டான்.

பிறகு நான் சூடத்தை ஏற்றினேன்.

"கூட்டாளிய நான் காட்டிக் குடுக்கல," என்றான். தெளிவாக வந்தது. சொல்லி முடிக்கும்வரை கையில் எரியவிட்டான். வெற்றிலை சுருங்கிக் கருகியது. மறு கையால் அழுத்தி அணைத்தான். முகம் சுளிக்கவில்லை.

அம்மா அவன் கையை எடுத்து விரித்துப் பார்த்தார். ஊதினார்.

"போதும்," என்றார். "இவன் இல்ல."

அண்ணன் தலையை ஆட்டினான். தங்கச்சி அந்த அம்மாவின் காலில் விழப்போனாள். அவர் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் கம்பிக் கதவைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

சாயங்காலத்துக்குள் போனில் வந்துவிட்டது. சின்ன வீடியோ. அவன் முகம். "என்னாலதான் அத்தே." பிறகு அழுகை. அத்தோடு வெட்டியிருந்தது. கீழே பர்மாவில் எழுத்து. நான்தான் செய்தேன், அத்தை. அதற்குப் பிறகு அவன் பேசியது இல்லை. சூடம் இல்லை. அம்மா சொன்னது இல்லை. கம்பிக் கதவில் நின்றவர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள்.

அண்ணன் அலைந்தான். அதை மறுக்க முடியாது. அவனுக்குத் தெரிந்தவர்களிடம் எல்லாம் போய்ச் சொன்னான். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், என் தமிழ் அப்படி, எடுத்துவிடுங்கள் என்று. எடுத்தார்கள். ஆனால் அதற்குள் வேறு ஆட்கள் வேறு இடத்தில் போட்டிருந்தார்கள். அவர்களை இவனுக்குத் தெரியாது. உன் தம்பியைக் கொன்றவனுக்கு நீயே பரிந்து பேசுகிறாயா என்று ஒருவன் கேட்டானாம். துறையில் வந்து என்னிடம் சொன்னான். "ஊலே, நான் என்ன செய்யட்டும்?" என்று பர்மாவில் மாமா முறை வைத்துக் கேட்டான். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டான்.

தங்கச்சி மகனை லைங் தாயாவுக்கு அனுப்பினோம். தையல் பாக்டரி ஆட்கள் நெருக்கியடித்துத் தங்குகிற இடம். எங்கிருந்தோ வந்தவர்கள். யார் யார் என்று யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தோம். பாயின் சொந்தக்காரர் ஒருவர் அறை பிடித்துக் கொடுத்தார். தலையை மொட்டையடித்துக்கொண்டு போனான். வேலை கிடைக்கும்வரை வெளியே வராதே என்று சொன்னேன்.

"மாமா, அன்னிக்கு வேற என்ன சொல்லியிருக்கணும்?" என்று கேட்டான்.

"என்ன?"

"அத்தை கேட்டாங்களே, யாராலன்னு. தமிழ்ல அதுக்கு வேற என்ன சொல்லு இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். "நீ சொன்னதுதான்," என்றேன்.

அவன் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

அடுத்த ஞாயிறு பாதிரியாரின் ஞாபக ஆராதனை. நான் போகவில்லை. நடந்ததைச் செத்தவனின் அம்மா வந்து சொன்னார். சயாமா எழுந்து வாசித்தாராம். அந்த வார்த்தை வரும் இடத்தில் நிறுத்தினாராம். என்னாலதான் ஐயா போனார் என்று காவல்காரன் சொன்னான், என்று மட்டும் வாசித்துவிட்டுத் தாளை மடித்துவிட்டாராம். கொலைகாரன் என்கிற சொல்லையும் வாசிக்கவில்லை, ஒப்புக்கொண்டான் என்பதையும் வாசிக்கவில்லை. பெரியவர்கள் சிலர் எழுந்து கேட்டார்களாம். பாதிரியாரைப் பின்னே யார் கொன்றது, தேவதூதனா என்று ஒருவர் கத்தினாராம். தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

பிறகு சயாமா ஒரு தடவை வந்தார். முக்காலியில் உட்கார்ந்தார். எதையும் படித்துக் காட்டவில்லை.

"கதை என்னாச்சு?" என்று அமாஜீ கேட்டாள்.

"காவக்காரன எடுத்துட்டேன். எடுத்தா வேற ஒருத்தன வெக்கணும். சமையக்காரன வெச்சுப் பாத்தேன். மரக்கடைத் துரைய வெச்சுப் பாத்தேன். எவன வெச்சாலும் கிழிச்சுப் போட்டுடறேன்."

"யாரும் வேணாம்னு விட்டுடுங்க."

"யாருன்னு சொல்லாட்டி எவன் படிப்பான் அமாஜீ?"

பாய் கடைச் சாமானை அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் வேடிக்கை பேசி நாளாகிவிட்டது.

சயாமா கல்லைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"தம்பி, அவன் தூங்கிட்டுத்தான் இருந்தான்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது."

"பின்ன?"

"நம்பறோம்."

தலையை ஆட்டினார். அன்றைக்குக் கல் முன்னால் போய் நின்றார். கும்பிடவில்லை. சும்மா நின்றார். அதற்கு முன் அவர் அந்தக் கம்பிக் கதவைத் தாண்டியது சத்தியத்துக்காக வந்தபோது மட்டும்தான்.

செய்தி ஒரு காலையில் வந்தது. நான் அப்போதுதான் டீ வைத்திருந்தேன். பாயின் சொந்தக்காரர் பேசினார். பாக்டரி பஸ் நிற்கிற இடத்தில் குத்திப் போட்டிருக்கிறார்கள் என்றார். வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லிப் போனான் என்றார். பஸ்ஸுக்கு நின்ற பெண்பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள், யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், வாருங்கள் என்றார்.

தங்கச்சி ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தாள். கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

பாயும் வந்தார். மூன்று பேரும் டாக்சியில் போனோம். ஆஸ்பத்திரியில் அவளை வெளி பெஞ்சில் உட்காரவைத்தேன். நீ வர வேண்டாம் என்றேன். சரி என்றாள். பாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குத்திவிட்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

உள்ளே துணியை விலக்கினார்கள். பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். பார்த்தேன். மொட்டைத் தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. அவன்தான் என்றேன். இடுப்பு வரை விலக்கச் சொன்னேன். விலக்கினார்கள். முழுக்கப் பார்த்தேன். ஒருவராவது பார்க்க வேண்டும். மூடச் சொன்னேன்.

வெளியே வந்தேன். தங்கச்சி எழுந்து நின்றாள்.

"அவனா?"

"அவன்தான்."

அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"குத்து எத்தன அண்ணே?"

நான் அவளைப் பெஞ்சில் உட்காரவைக்கப் பார்த்தேன்.

"பெத்தவ கேக்கறேன். எத்தன?"

"ஒம்போது."